எடை குறைப்பு அறுவை சிகிச்சை: முன்னும் பின்னும் உடலும் மனமும்

மூத்தோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி



மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியவில்லை. இனிப்பு நீருக்கு ஊசி போட்டும் சர்க்கரை அளவு இறங்கவில்லை. இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. பல வருடங்களாக உணவைக் குறைத்துப் பார்த்தும் எடை இறங்கி, மறுபடியும் ஏறிவிடுகிறது. இந்த நிலையில் மருத்துவர் உங்களிடம் எடை குறைப்பு அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசியிருக்கலாம். அல்லது பிள்ளைகள் யாரிடமோ கேட்டு வந்து சொல்லியிருக்கலாம்.

"இந்த வயதில் வயிற்றை வெட்டிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். அதற்கு நீங்களே யோசித்து விடை காண இந்தக் கையேடு உதவும். அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துவதோ வேண்டாம் என்று பயமுறுத்துவதோ இதன் நோக்கமல்ல. அதற்கு முன்னும் பின்னும் உடலிலும் மனத்திலும் என்ன நடக்கும் என்பதை உள்ளபடி சொல்வதே நோக்கம்.

உடல் பருமன் ஏன் இத்தனை பேருக்கு?

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. இந்த நாட்டின் இனங்களில் நீரிழிவு அதிகம் காணப்படுவது இந்தியர்களிடம்தான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. நம்மில் பலர் ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்கள். விடியும் முன் எழுந்து மரம் சீவி, பால் வாளி சுமந்து, மலையும் மேடும் நடந்த உடல்கள் அவை. டின் பால் கலந்த தேநீரும் நிறையச் சோறும் அந்த உழைப்பில் கரைந்தன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது உழைப்பு நின்றது, சாப்பாட்டு வழக்கம் நிற்கவில்லை. பரம்பரைக் கூறும் சேர்ந்துகொள்கிறது. தெற்காசியர்களின் உடலில் கொழுப்பு வயிற்றுப் பகுதியில் எளிதில் சேரும். அதனால் மற்ற இனத்தாரைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன.

உடல் பருமன் ஒரு நாள்பட்ட நோய். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட யாரும் வெட்கப்படுவதில்லை. இதற்கும் சிகிச்சை தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

யாருக்கு இது பொருந்தும்?

மருத்துவர் முதலில் உங்கள் பி.எம்.ஐ. அளவைப் பார்ப்பார். கிலோகிராமில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது அது. 158 சென்டிமீட்டர் உயரமும் 92 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது ஏறக்குறைய 37. மலேசியாவில் 23க்கு மேல் அதிக எடை என்றும் 27.5க்கு மேல் உடல் பருமன் என்றும் கணக்கிடப்படுகிறது.

2022இல் அனைத்துலக அறுவை சிகிச்சைச் சங்கங்கள் வெளியிட்ட பரிந்துரையின்படி, பி.எம்.ஐ. 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம். 30க்கு மேல் இருந்து நீரிழிவு போன்ற நோய் இருந்தாலும் பரிசீலிக்கலாம். ஆசிய மக்களுக்கு இந்த எல்லைகள் இன்னும் குறைவு. ஆனால் எண் மட்டும் முடிவு செய்யாது. உங்கள் இதயம், நுரையீரல், சிறுநீரகம், எலும்பு, மனநிலை, வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் மருத்துவக் குழு சேர்த்துப் பார்க்கும்.

வயதுக்கென்று கடுமையான மேல் எல்லை இல்லை. 65 வயதுக்கு மேல் செய்துகொள்கிறவர்களும் உண்டு. வயதைவிட உடலின் வலிமைதான் முக்கியம். நடை தளர்ந்து, தசை வற்றி, அடிக்கடி விழுகிறவருக்கு எடைக் குறைப்பே தீங்காகலாம். அப்படிப்பட்டவருக்கு உணவு மாற்றம், உடற்பயிற்சி, மாத்திரை, ஊசி மருந்து போன்ற வேறு வழிகளை மருத்துவர் சொல்வார்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்?

பெரும்பாலும் வயிற்றில் சில சிறு துளைகள் இட்டு, கேமரா வழியாகப் பார்த்துச் செய்வார்கள். இரண்டு முறைகள் அதிகம் செய்யப்படுகின்றன.

*இரைப்பைக் குறைப்பு.* இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பாகத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள். மீதமிருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குறுகிய குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அகற்றப்படும் பகுதியில்தான் உண்டாகிறது. அதனால் பசியும் குறையும். வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது கூடலாம்.

*இரைப்பை மாற்றுப்பாதை.* இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைப்பார்கள். உணவு குடலின் ஒரு பகுதியைத் தாண்டிச் செல்லும். நீரிழிவுக்கு இது நல்ல பலன் தருவது. ஆனால் சத்துக் குறைபாடு வரும் வாய்ப்பு இதில் அதிகம்.

முதல் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் உடல் எடையில் நாலில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாகக் குறைவது வழக்கம். 92 கிலோ இருந்தவர் 65 முதல் 70 கிலோ வரை வரக்கூடும். பிறகு ஓரளவு எடை திரும்புவதும் வழக்கம்தான். சுவீடனில் 1987இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வில் ஏறக்குறைய 2,000 பேர் அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிடும்போது அவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது.

ஆபத்து இல்லாத அறுவை சிகிச்சை எதுவுமில்லை. தையல் இடத்தில் கசிவு, இரத்தப்போக்கு, காலில் இரத்தக்கட்டி, தொற்று ஆகியவை வரலாம். அனுபவமுள்ள மருத்துவமனைகளில் இறப்பு அபூர்வம், ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவர். வயது கூடக்கூட, நோய்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும். உங்களுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

எங்கே தொடங்குவது?

உங்கள் வட்டாரத்துச் சுகாதார கிளினிக்கில் தொடங்குங்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான், காப்பார் எங்கிருந்தாலும் உங்கள் பழைய மருந்துப் புத்தகத்தையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள். தேவையென்றால் அவர்களே நிபுணர் மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். அரசு மருத்துவமனையில் காத்திருக்கும் காலம் நீளலாம். சில கருவிகளுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியிருக்கலாம். முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் கடன் தேட வேண்டியிருக்காது.

மொழி தயக்கமாக இருந்தால் தமிழ் தெரிந்த தாதியையோ பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாவிட்டால் மறுபடி கேட்பது உங்கள் உரிமை.

முன்னர்: உடலைத் தயார் செய்தல்

அறுவை சிகிச்சைக்கு முந்திய மாதங்களை வீணாகக் காத்திருக்கும் காலமாக எண்ணாதீர்கள். பாதி வேலை அப்போதே நடக்கிறது.

- பரிசோதனைகள். இரத்தம், இதயம், நுரையீரல் சோதிக்கப்படும். இரைப்பையை உள்நோக்கிக் குழாய் வழியாகப் பார்ப்பார்கள். குறட்டை அதிகம் இருந்தால் தூக்கச் சோதனையும் உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடை இருப்பது தெரிந்தால் இரவில் காற்று தரும் முகமூடிக் கருவி கொடுப்பார்கள். மயக்க மருந்து பாதுகாப்பாக இருக்க அது உதவும். மருத்துவமனைக்கு அதையும் கொண்டுபோங்கள்.
- புகையும் மதுவும். புகைப்பதை நிறுத்துங்கள். புண் ஆறாமல் போக அது ஒரு முக்கியக் காரணம். மதுவையும் நிறுத்துங்கள்.
- நடை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கோலாலம்பூரில் பெர்டானா தாவரவியல் பூங்கா, கிள்ளானில் தாமான் ராக்யாட் போன்ற இடங்களில் காலை நேரத்தில் நிழலும் துணையும் கிடைக்கும். மூட்டு வலி இருந்தால் நாற்காலியில் அமர்ந்து கால் நீட்டும் பயிற்சி போதும்.
- கல்லீரலைச் சுருக்கும் உணவு. கடைசி இரண்டு வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவு தரப்படலாம். கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் மருத்துவருக்கு இரைப்பை தெளிவாகத் தெரியும். இதை மீறிச் சாப்பிட்டால் ஆபத்து உங்களுக்கே.
- மருந்துகள். இந்தக் குறைந்த உணவுக் காலத்தில் இன்சுலினையும் கிளிகிளசைட் போன்ற மாத்திரைகளையும் குறைக்காமல் விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவற்றை அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, நாட்டு மருந்து, மூலிகைச் சூரணம், கடையில் வாங்கிய சத்துத் தூள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம்.

முன்னர்: மனத்தைத் தயார் செய்தல்

மனநல நிபுணரைச் சந்திக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம். உங்களைப் "பைத்தியம்" என்று யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு உங்களுக்கு இருக்கும் உறவு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளவே அந்தச் சந்திப்பு.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். பசித்துச் சாப்பிடுகிறேனா, தனிமையில் சாப்பிடுகிறேனா? கணவர் அல்லது மனைவி மறைந்தபின் சாப்பாடுதான் துணையாகிவிட்டதா? பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்கக் கூடாதென்று சாப்பிடுகிறேனா? கோபத்தையும் கவலையையும் இனிப்போடு விழுங்குகிறேனா? அறுவை சிகிச்சை இரைப்பையைத்தான் சிறிதாக்கும். தனிமையை அது சிறிதாக்காது. சோறு நிரப்பிய இடத்தை இனி எது நிரப்பும் என்று முன்பே யோசித்துவைப்பது நல்லது.

இரண்டு பட்டியல்கள் எழுதிப் பாருங்கள். ஒன்றில், எடை குறைந்தால் செய்ய விரும்புபவை: பேரப்பிள்ளையைத் தூக்குவது, கொமுட்டர் இரயிலில் தனியாகப் போய் வருவது, தரையில் அமர்ந்து எழுவது. மற்றொன்றில், இழக்கப் போகிறவை: வாழையிலை நிறையச் சாப்பாடு, நண்பர்களோடு மாமாக் கடையில் இரண்டாவது தே தாரிக், கல்யாண வீட்டுப் பந்தியில் திருப்தியாக உண்பது. இரண்டாவது பட்டியலைப் பார்த்து மனம் வருந்தினால் அதில் தவறில்லை. அந்த வருத்தத்தை முன்பே சந்தித்துவிட்டவர்களுக்குப் பின்னால் தடுமாற்றம் குறைவு.

மருத்துவமனையிலும் முதல் வாரங்களிலும்

பொதுவாக அறுவை சிகிச்சை முடிந்த அன்றே அல்லது மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்கள். வலிக்கிறதே என்று படுத்துவிடாதீர்கள். நடப்பதுதான் காலில் இரத்தம் உறையாமல் காக்கும். மூச்சுப் பயிற்சிக் கருவி தந்தால் சொன்னபடி பயன்படுத்துங்கள். பெரும்பாலோர் சில நாட்களில் வீடு திரும்புவார்கள். முதல் இரண்டு வாரமாவது வீட்டில் ஒருவர் துணைக்கு இருப்பது நல்லது. கனமான பொருள் தூக்குவதைச் சில வாரங்கள் தவிருங்கள். சமையல் எரிவாயு உருளை, அரிசி மூட்டை, பேரப்பிள்ளை எல்லாம் இதில் சேர்த்தி.

உணவு படிப்படியாக ஏறும். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாட்கள் சற்று மாறலாம். பொதுவான வரிசை இது:

1. முதல் இரண்டு வாரம், திரவம். தண்ணீர், வடிகட்டிய காய்கறிச் சாறு, நீர்மோர், சர்க்கரை சேர்க்காத பால் அல்லது சோயா பால். ஒரு வாய், பிறகு சற்று நேரம், பிறகு அடுத்த வாய்.
2. மூன்றாம், நான்காம் வாரம், கூழ். மசித்த பருப்பு, தயிர், நன்றாக அரைத்த மீன், மசித்த முட்டை.
3. ஐந்தாம், ஆறாம் வாரம், மென்மையானவை. வேகவைத்த மீன், மென்மையான தவ்ஃபூ, குழைய வெந்த காய்.
4. அதன் பிறகு வழக்கமான உணவு, மிகச் சிறிய அளவில்.

சோறு, ரொட்டி சானாய், ஒட்டும் மாவு வகைகள், நார் நிறைந்த இறைச்சி ஆகியவை சிலருக்கு மாதக்கணக்கில் தொண்டையில் அடைப்பது போலிருக்கும். ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். இன்று ஒத்துக்கொள்ளாதது ஆறு மாதம் கழித்து ஒத்துக்கொள்ளலாம்.

வாழ்நாள் முழுவதும் காக்க வேண்டிய வழக்கங்கள்

- *முதலில் புரதம்.* பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம், 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம் உண்டு. சைவ உணவுக்காரர்களுக்குத் தெம்பே, தவ்ஃபூ, பருப்பு, தயிர் கைகொடுக்கும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். புரதம் குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். மூத்தோருக்குத் தசை கரைந்தால் நடை தள்ளாடும், விழுவதும் நேரும்.
- *மென்று, மெதுவாக.* ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். பல் இல்லாதவர்கள் முன்பே பல் மருத்துவரைப் பாருங்கள்.
- *சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம்.* சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். ஆனால் நாள் முழுவதும் சிறிது சிறிதாக ஒன்றரை லிட்டராவது குடியுங்கள். நம் வெயிலில் நீர் வற்றுவது சீக்கிரம் நடக்கும்.
- *நிறைந்தது என்று தோன்றியதும் நிறுத்துங்கள்.* ஒரு கவளம் கூடினாலும் வாந்தி வரலாம்.
- *இனிப்பு கவனம்.* டின் பால் தேநீர், லட்டு, ஜிலேபி, இனிப்புப் பானம் ஆகியவை, முக்கியமாக மாற்றுப்பாதை அறுவை சிகிச்சைக்குப் பின், வேகமாகக் குடலில் இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிசைவு, வயிற்றுப்போக்கு உண்டாக்கலாம்.
- *மது வேகமாக ஏறும்.* முன்பு இரண்டு குவளை தந்த போதையை இப்போது ஒன்றே தந்துவிடலாம். சாப்பாட்டின் இடத்தை மது பிடித்துக்கொள்வதும் சிலருக்கு நடக்கிறது. அந்த வாசலைத் திறக்காமலிருப்பதே நல்லது.

மாத்திரைகள்: சில குறையும், சில வாழ்நாளுக்கும் வரும்

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எடை குறைவதற்கு முன்பே இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் தலைசுற்றும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும், கீழே விழவும் நேரும். வீட்டில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் அளந்து எழுதி வையுங்கள். குறிப்பேட்டை ஒவ்வொரு சந்திப்புக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

அதே நேரம் வைட்டமின் மாத்திரை, வைட்டமின் பி12, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவை வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிட்டால் குறைபாடு சத்தமில்லாமல் வரும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், மறதி வரும். வயதாகிவிட்டது என்று நினைத்து அதை விட்டுவிடுவோம். சுண்ணாம்பும் வைட்டமின் டியும் குறைந்தால் எலும்பு தேயும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். இரும்பையும் சுண்ணாம்பையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் இபுபுரோஃபென், டைகுளோஃபெனக், மெஃபெனமிக் அமிலம் ஆகியவை சிறிய இரைப்பையில் புண் உண்டாக்கலாம். மருத்துவர் சொல்லாமல் எடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. மெல்லக் கரையும் வகை மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கலாம். மருந்தாளரிடம் கேளுங்கள். அவற்றை நீங்களாகப் பொடிக்க வேண்டாம்.

உடல் மாறும்போது

மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டலாம். பலருக்குப் பயம் தரும் மாற்றம் இது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மறுபடி வளரும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் உண்டாகலாம். அதைத் தடுக்க மாத்திரை தரப்படலாம். மலச்சிக்கல், அதிகமாகக் குளிர்வது, களைப்பு ஆகியவையும் முதல் மாதங்களில் வழக்கம்.

வயிற்றிலும் கையிலும் தோல் தொங்கும். வயது கூடினால் தோல் சுருங்குவதும் குறைவு. மடிப்புகளைக் கழுவி ஈரமில்லாமல் வைத்துக்கொண்டால் புண் வராது. பழைய சட்டையும் சேலை ரவிக்கையும் தளர்ந்துபோகும். கண்ணாடியில் தெரியும் முகம் வேறொருவர் முகம் போலத் தோன்றலாம். மோதிரம், தாலிக் கயிறு, பல் செட் ஆகியவை தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

புண் ஆறியதும் நடையோடு தசைக்கான பயிற்சியும் சேருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வது நல்ல பயிற்சி. தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் புட்டி இரண்டு போதும், எடை தூக்கும் பயிற்சிக்கு.

மனம் மாறும்போது

முதல் சில வாரங்களில் "ஏன் இதைச் செய்துகொண்டேன்?" என்று அழுகை வரலாம். பலருக்கும் வருவதுதான். உடல் வலி, திரவ உணவு, சத்துக் குறைவு, வீட்டில் மற்றவர்கள் சாப்பிடும் மணம் எல்லாம் சேர்ந்த பாரம் அது. பெரும்பாலும் தணிந்துவிடும்.

சமைத்துப் பரிமாறுவதையே அன்பாக வைத்துப் பழகிய அம்மாக்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. குழம்பைத் தாளித்து, பிள்ளைகளுக்குப் போட்டு, தான் மட்டும் நான்கு கரண்டியோடு எழுந்துவிட வேண்டும். அது பெரிய இழப்புத்தான். ஆனால் பரிமாறும் கை இன்னும் உங்களுடையது. சிறிய தட்டில் பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து சாப்பிடுங்கள். சமையலறையில் நின்றபடி தனியாகச் சாப்பிட வேண்டாம்.

நம் ஊரில் ஒருவர் இளைத்தால் வாழ்த்துவதைவிட விசாரிப்பதே அதிகம். "என்ன இப்படி ஆயிட்டீங்க? உடம்புக்கு ஏதாவது பெரிய நோயா?" என்று கோயிலிலும் சந்தையிலும் கேட்பார்கள். எல்லாருக்கும் முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. "மருத்துவர் சொல்லி எடையைக் குறைத்தேன், நல்லா இருக்கேன்" என்ற ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். சிலர் "குறுக்கு வழி" என்றும் சொல்வார்கள். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு கவளமும் ஒவ்வொரு மாத்திரையும் அவர்களுக்குத் தெரியாது.

ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் எடை நிற்கும், சற்று ஏறவும் ஏறும். அப்போது வெட்கப்பட்டுச் சந்திப்புகளைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில்தான் மருத்துவக் குழு உங்களுக்கு அதிகம் தேவை. எடை ஏறினாலும் போய் வாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து துக்கம், தூக்கமின்மை, எதிலும் பற்றில்லாமை, வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் மறைக்காதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, 24 மணி நேரமும்.

விழாவும் விரதமும்

விரதம் இருக்க நினைப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே பேசுங்கள். முதல் ஆண்டில் நீண்ட விரதம் நீர் வற்றவும் சர்க்கரை இறங்கவும் காரணமாகலாம். தைப்பூசத்துக்குச் சைவ விரதம் இருக்கலாம், ஆனால் புரதம் தவறக் கூடாது. பத்துமலையின் 272 படிகளை இந்த ஆண்டே ஏற வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். கீழே நின்று கும்பிட்டாலும் முருகன் கோபிக்க மாட்டார். உடல் தேறி, மருத்துவர் சம்மதித்தபின், நின்று நின்று ஏறலாம்.

தீபாவளித் திறந்த இல்ல விருந்துக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் ஒதுங்க வேண்டாம். வீட்டில் சிறிது புரதம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தட்டில் முதலில் மீனோ கோழியோ பருப்போ வையுங்கள். வற்புறுத்துகிறவர்களிடம் "வயிறு நிறைந்துவிட்டது, மனமும் நிறைந்துவிட்டது" என்று சொல்லிச் சிரித்து எழுந்துவிடுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

"இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டாதீர்கள். "இவ்வளவு செலவு செய்தும் இதைச் சாப்பிடுகிறீர்களே" என்று கண்காணிக்கவும் வேண்டாம். மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள். சந்திப்புக்கு அழைத்துச் செல்லுங்கள். மாலையில் கூட நடங்கள். வீட்டில் எல்லாருமே டின் பாலைக் குறைத்தால் ஒருவர் மட்டும் நோயாளி போல உணர மாட்டார்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

- குறையாத அல்லது கூடும் வயிற்று வலி, தோள்பட்டை வலி
- காய்ச்சல், நடுக்கம், ஓய்விலும் வேகமான நாடித் துடிப்பு
- நெஞ்சு வலி, மூச்சுத் திணறல்
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும்
- இரத்த வாந்தி, கருப்பு மலம்
- ஒரு நாளைக்கு மேல் தண்ணீர்கூட உள்ளே தங்காமை
- பல நாள் வாந்திக்குப் பின் நடை தள்ளாட்டம், பார்வை இரட்டையாகத் தெரிதல், குழப்பம். இது வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். தாமதித்தால் மூளைக்குப் பாதிப்பு நிலைத்துவிடும்.

அவசரத்துக்கு 999ஐ அழையுங்கள். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். வகையும் தேதியும் எழுதிய சீட்டு ஒன்றை அடையாள அட்டையோடு எப்போதும் வைத்திருங்கள்.

முடிவெடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்

1. எனக்கு எந்த வகை பொருந்தும்? ஏன்?
2. என் வயதிலும் நோய்களிலும் ஆபத்து எவ்வளவு?
3. செய்துகொள்ளாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி என்ன?
4. எந்த மருந்து குறையும்? எது வாழ்நாளுக்கும் வரும்? மாதம் எவ்வளவு செலவாகும்?
5. முதல் ஆண்டில் எத்தனை முறை வர வேண்டும்? அதன்பின்?
6. இரவில் பிரச்சினை என்றால் யாரை அழைப்பது?

நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு "வேண்டும்" என்று சொன்னாலும் சரி, "வேண்டாம்" என்று சொன்னாலும் சரி, அது உங்கள் முடிவு. வெட்கத்தாலோ அவசரத்தாலோ பிறர் பேச்சாலோ எடுத்த முடிவாக மட்டும் அது இருக்க வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இந்தக் கையேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.